ஆறரை மாதக் குழந்தை இன்னும் தனியாக உட்காரவில்லையா: என்ன செய்யலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறரை மாதப் பெண் குழந்தை. கழுத்து நன்றாக நின்றுவிட்டது. குப்புற விழுகிறாள், மல்லாந்தும் திரும்புகிறாள். உட்கார வைத்தால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு சில நொடி தாக்குப்பிடிக்கிறாள், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறாள். நாத்தனார் பையன் ஐந்து மாதத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்தானாம். மாமியார் சுற்றிலும் தலையணை அடுக்கி உட்கார வைக்கிறார். கணவர் உட்காரப் பழக்கும் சீட் ஒன்றை ஆர்டர் செய்யப் பார்க்கிறார். இப்போதே உட்கார வைத்தால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உட்காராத குழந்தைக்குக் கஞ்சி, கூழ் ஆரம்பிக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபி செய்பவள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். கையை ஊன்றி உட்காருவது தனியாக உட்காருவதற்கு முந்தின படி. அந்தப் படியில் சில குழந்தைகள் ஒரு வாரம் நிற்கும், சில குழந்தைகள் ஒன்றரை மாதம் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்த வயது சராசரியாக 6 மாதம். ஆனால் சராசரியைவிட முக்கியமானது அதன் விரிவு: 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. இந்த இடைவெளிக்குள் எப்போது உட்கார்ந்தாலும் அது இயல்புதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமும் இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, தனியாக உட்காருவதை 9 மாதப் பட்டியலில்தான் வைத்தது. 6 மாதத்துக்கு அவர்கள் எழுதியிருப்பது, கையை ஊன்றி உட்காருவது. உங்கள் மகள் செய்வது அதைத்தான்.

இன்னொரு விஷயம். அந்த ஆய்வில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு நிபந்தனை இருந்தது: தலை நிமிர்ந்து, முதுகு நேராக, கை எதிலும் ஊன்றாமல் குறைந்தது 10 நொடி. நம் வீடுகளில் ‘ஐந்து மாதத்தில் உட்கார்ந்துவிட்டான்’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் கையை ஊன்றி உட்கார்ந்ததைத்தான். நாத்தனாரிடம் இதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். வேண்டாம், கேட்காதீர்கள், வீணாக மனத்தாங்கல் வரும்.

சரி, ஏன் சாய்கிறாள்? ‘எலும்பில் பலம் இல்லை, கேழ்வரகு கொடு’ என்றுதான் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கேழ்வரகு நல்ல சாப்பாடு, ஆனால் உட்காருவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால் பங்கு தலை. ஆறு மாதத்திலும் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிதுதான். அந்தக் கனத்தை ஒரு சின்ன இடுப்பின் மேல் நிறுத்திவைக்க வேண்டும். கட்டுப்பாடு மேலிருந்து கீழே இறங்கி வருகிறது: முதலில் கழுத்து, பிறகு தோளும் மேல் முதுகும், பிறகு விலாவுக்குக் கீழே, கடைசியில் இடுப்பு. உங்கள் மகளுக்குக் கழுத்தும் மார்பும் வசப்பட்டுவிட்டன, இடுப்பு பாக்கி. முதுகு வட்டமாகக் கூன்போட்டது மாதிரி தெரிவதற்கும் இதுதான் காரணம். அது நோய் அல்ல, கட்டுப்பாடு இன்னும் கீழே வந்து சேரவில்லை, அவ்வளவே.

தசைப் பலம் மட்டும் போதாது. தான் சாய்கிறோம் என்பதை மூளை உணர வேண்டும், உணர்ந்ததும் சரியான தசையை இயக்க வேண்டும். 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். தரை அசையாமல் சுவர்கள் மட்டும் நகரும் ஓர் அறைக்குள், அப்போதுதான் உட்காரப் பழகிய குழந்தைகளை உட்கார வைத்தார்கள். சுவர் நகர்ந்ததும், தாங்கள்தான் சாய்கிறோம் என்று நினைத்துத் திருத்தப் போய், குழந்தைகள் சாய்ந்தன. உட்காரப் பழகும்போது கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, தசை மூன்றும் ஒன்றோடொன்று பேசப் பழகுகின்றன. இந்தப் பழக்கம் சாய்ந்து, திருத்தி, மறுபடி சாய்ந்துதான் வரும். சாயவே விடாமல் நான்கு பக்கமும் முட்டுக்கொடுத்தால் மூளைக்குத் திருத்த வேலையே இல்லாமல் போகிறது. மாமியாரின் தலையணை அரணில் எனக்கு இருக்கும் மனக்குறை இது ஒன்றுதான். குழந்தை தலையணைமேல் சாய்ந்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கவில்லை. வேடிக்கை பார்க்கக் கொஞ்ச நேரம் அப்படி வைப்பதில் தவறில்லை, ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தலையணையை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பின்னாலும் பக்கத்திலும் போட்டால், அதே தலையணை விழுந்தால் தாங்கும் மெத்தையாகிவிடும். மாமியாரிடம் இப்படிச் சொன்னால் அவர் செய்ததும் வீண்போகாது.

உட்காருவதற்கான ஆரம்ப வேலை உட்கார்ந்து நடப்பதில்லை, குப்புறப் படுத்து நடக்கிறது. குப்புறக் கிடந்து தலையைத் தூக்கும்போது கழுத்தும் முதுகும் பலப்படுகின்றன. கையை நீட்டி ஊன்றி நெஞ்சைத் தூக்கும்போது தோள் பலப்படுகிறது. ஒரு கையில் பாரத்தைப் போட்டு மறு கையால் பொம்மையை எட்டும்போது, உடம்பின் பாரத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றத் தெரிகிறது. உட்காரும்போது தேவைப்படுவது இதுவேதான். இன்னும் நகரத் தொடங்காத குழந்தைகளுக்கு, விழித்திருக்கும் நேரத்தில் நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்கும் நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் வைத்திருக்கிறார்கள்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும் பருவம். கையை ஊன்றாமல் உட்கார வந்தால்தானே கொட்ட முடியும்! ஐந்தில் தரையில் இருந்த கை ஒன்பதில் விடுபடுகிறது. நடுவில் நான்கு மாதம் இருப்பதைக் கவனியுங்கள். குழந்தை வளர்ந்ததைப் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கு அது.

நம் ஊர்ப் பழக்கங்களில் இதற்கு உதவுவதும் உண்டு, தடையாக நிற்பதும் உண்டு. பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவது அருமையான பயிற்சி. எண்ணெய் தேய்ப்பதும் நல்லதுதான், மூட்டைச் சொடக்கு எடுப்பது, கையைக் காலைப் பிடித்துத் திருகி இழுப்பது வேண்டாம். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் வைத்தியம். உங்கள் இடுப்பு அவள் இடுப்பைத் தாங்குகிறது, உங்கள் கை அவள் கீழ் முதுகைச் சுற்றி இருக்கிறது, மேல் உடம்பு சுதந்திரம். நீங்கள் திரும்பும்போதும் குனியும்போதும் அவள் தன்னைத் திருத்திக்கொண்டே வருவாள். வீட்டு வேலையோடு வேலையாகப் பயிற்சியும் நடக்கிறது. அடுப்பு வேலை மட்டும் இடுப்பில் குழந்தையோடு வேண்டாம். தடையாக நிற்பது தூளி. தூங்க வைக்கத் தூளி கட்டுவது வேறு. விழித்திருக்கும்போதும் தூளியிலேயே போட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் குழந்தை வளைந்து சுருண்டு கிடக்கிறாள், புரளவும் முடியாது, ஊன்றவும் எதுவும் இல்லை. பகலில் விழித்ததும் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

இப்போது உட்காரும் பயிற்சி. இடம் கட்டில் அல்ல, மெத்தையும் அல்ல. மெத்தை அமுங்குவதால் குழந்தை ஊன்றும் கையும் அமுங்கும், விழுந்தால் கீழே தரை. தரையில் பாய் விரித்து அதன்மேல் ஜமக்காளமோ கெட்டியான போர்வையோ போட்டால் போதும். நேரம், தூங்கி எழுந்து கொஞ்சம் விளையாடும் மனநிலையில் இருக்கும்போது. பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடுவாள். தடிமனான டயப்பர் தொடைகளுக்கு நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். முடிந்தால் அதைக் கழற்றிவிட்டு லேசான துணியோடு விடுங்கள்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து காலை அகட்டி, நடுவில் அவளை வெளிப்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். அவள் கால்கள் வட்டமாக, பாதங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும். அப்படி இருந்தால் அடித்தளம் அகலமாகும். உங்கள் வயிற்றில் அவள் முதுகு சாயாதபடி ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். இனி எல்லாம் உங்கள் கை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. எல்லாரும் அக்குளில்தான் பிடிப்பார்கள். அக்குளில் பிடித்தால் குழந்தை கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கும், ஒரு தசைக்கும் வேலை இல்லை. விலாவின் அடிப்பகுதியில் ஆரம்பியுங்கள். அங்கே பிடித்தால் அரை நிமிடம் தலையும் நெஞ்சும் நிமிர்ந்து நிற்கிறதா? அப்படியானால் கையை இடுப்புக்கு இறக்குங்கள். அதுவும் வசப்பட்டதும் இன்னும் கீழே, கட்டைவிரல்கள் பின்னால் இடுப்பெலும்பிலும் மற்ற விரல்கள் தொடைமேலுமாக. தடுமாறினால் உடனே கையை மேலே கொண்டுபோகாதீர்கள். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுங்கள், அவளே திருத்துகிறாளா என்று பாருங்கள். திருத்தவில்லை என்றால் மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மகள் இருக்கும் நிலைக்கு இடுப்பில் பிடித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே பலன் தரும். தலை முன்னால் தொங்க ஆரம்பித்தாலோ, முதுகு மொத்தமாக மடிந்தாலோ, சிணுங்கினாலோ அன்றைக்கு அது போதும், குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

கையை ஊன்றியே உட்காரும் குழந்தையின் கையைத் தரையிலிருந்து எடுக்க வைப்பதுதான் அடுத்த வேலை. விளையாட்டுச் சாமானைத் தரையில் வைத்தால் அவள் குனிந்தே இருப்பாள். ஒரு மணைப்பலகையோ கவிழ்த்துப் போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்போ எடுத்து, அவள் நெஞ்சு உயரத்துக்கு வருகிற மாதிரி முன்னால் வையுங்கள். அதன்மேல் எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. தட்டினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மறுபடி தட்டத் தோன்றும், தட்ட வேண்டுமென்றால் கையை எடுத்தாக வேண்டும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கொடுக்கும் சாமான் வாய்க்குள் போக முடியாத அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில நொடி கையை எடுத்து உட்கார வந்ததும், சாமானைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள், முழங்காலுக்குச் சற்று வெளியே. அவள் உடம்பைத் திருப்பி, ஒரு கையை அந்தப் பக்கம் ஊன்றி, மறு கையால் எட்டுவாள். வலம் இடம் இரண்டு பக்கமும் செய்யுங்கள். நேராக உட்கார்ந்து நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை சிலைமாதிரி அழகாக இருக்கும், ஆனால் யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் விழுந்துவிடும். திரும்பத் தெரிந்த பிறகுதான் உட்காருவது உறுதியாகிறது.

விழும்போது கையை நீட்டித் தாங்கிக்கொள்வதும் வரிசையாகத்தான் வரும். முன்னால் விழுந்தால் தாங்குவது ஏறக்குறைய 6 மாதத்தில், பக்கவாட்டில் 7, 8 மாதத்தில், பின்பக்கம் கடைசியாக 9, 10 மாதத்தில். அதனால்தான் இப்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறாள். நன்றாக உட்காரும் எட்டு மாதக் குழந்தை திடீரென்று பின்னால் மல்லாந்து மண்டையை இடித்துக்கொள்வதும் இதனால்தான். பின்பக்கம் ஒரு மடித்த ரஜாய் சில மாதங்களுக்கு நிரந்தரமாகக் கிடக்கட்டும். பக்கவாட்டுத் தாங்கலைப் பழக்க, மடியிலோ உங்கள் தொடையிலோ உட்கார வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வலமும் இடமும் சாய்த்து விளையாடுங்கள். சாய்ந்தாடச் சொல்லி நம் வீடுகளில் பாடுவதே இந்த வயதுக்குத்தான். வேகம் மட்டும் வேண்டாம், அவள் தலை நடுவுக்குத் திரும்பி வர நேரம் கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பது. படுத்த நிலையிலிருந்து தானே எழுந்து உட்காருவது தனிப் பாடம். பல குழந்தைகளுக்கு அது பிறகுதான் வரும், 8, 9 மாதம் ஆகும். நாம் பெரியவர்களே படுக்கையிலிருந்து ஒருக்களித்துத்தான் எழுகிறோம். ஆனால் குழந்தையை மட்டும் மல்லாந்த நிலையிலிருந்து இரண்டு கையையும் பிடித்து நேராக இழுத்து எழுப்புகிறோம். டாக்டர் அப்படிச் செய்வது கழுத்து நிற்கிறதா என்று பார்க்க. வீட்டில் அதை விளையாட்டாகச் செய்வதால் எழுந்திருக்கும் வழி அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு முறை துணி மாற்றி முடித்ததும் அவளை ஒரு பக்கம் ஒருக்களித்து, மேல்பக்க இடுப்பில் கையை வைத்துக் கீழ்நோக்கி லேசாக அழுத்துங்கள். அடிக்கை முழங்கையை ஊன்றுவாள், பிறகு உள்ளங்கையை. அப்படியே பக்கவாட்டில் எழுப்பித் தூக்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாற்றுகிறீர்களோ அத்தனை தடவை பயிற்சி. என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் கேட்பேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதுகெலும்பு வளைந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஆரோக்கியமான குழந்தையைக் கொஞ்ச நேரம் பிடித்து உட்கார வைப்பதால் முதுகு நிரந்தரமாக வளையாது. ஆனாலும் இதில் இரண்டு கட்சி உண்டு. ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தை தானாக வந்து சேராத எந்த நிலையிலும் அதை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. உட்கார வைக்கவே கூடாது, தரையில் விட்டால் தானே எழுந்து உட்காரும் என்றார். இதற்கு நேர் எதிராக, கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் தரையில் சின்னக் குழி தோண்டி, போர்வை சுற்றி, அதில் குழந்தையை உட்கார வைத்துப் பழக்குவார்கள். சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் 1976இல் இதை எழுதினார். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக உட்கார்ந்தன. ஆனால் அவர்கள் பழக்காத புரளுதல், தவழுதல் போன்றவற்றில் அந்தச் சாதகம் இல்லை. பழக்கினால் பழக்கியது சீக்கிரம் வரும், பழக்காதது அதன் நேரத்தில் வரும். பழக்காவிட்டாலும் குறையில்லை என்று பிக்லர் காட்டினார், பழக்கினாலும் கேடில்லை என்று கிப்சிகிஸ் தாய்மார் காட்டினார்கள். நான் நடுவில் நிற்கிறேன்: நாளின் பெரும்பகுதி தரையில் விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் கையைக் கீழிறக்கிப் பிடித்துப் பழக்குங்கள்.

சீட் வாங்க வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு நடுநிலை கிடையாது. அந்த வார்ப்பு சீட்டில் இடுப்பு குழிக்குள் இறங்கி, முழங்கால் மேலே ஏறி, இடுப்பெலும்பு பின்னால் சரிந்துவிடுகிறது. தனியாக உட்காரும்போது இடுப்பு இருக்க வேண்டிய நிலைக்கு இது நேர் எதிர். உடம்பை அசைக்கவும் வழியில்லை. போதாததற்கு, அதோடு குழந்தையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். இந்த வகையில் பெயர்பெற்ற பம்போ சீட் அமெரிக்காவில் 2007இல் ஒரு முறையும், குழந்தைகள் அதிலிருந்து நழுவி விழுந்து அடிபட்டதால் 2012இல் சுமார் 40 லட்சம் சீட்டுகளுக்கு இடுப்புப் பட்டை தருவதற்காக மறுபடியும் திரும்ப அழைக்கப்பட்டது. யாராவது பரிசாகக் கொடுத்துவிட்டால், நீங்கள் குளித்துவிட்டு வரும் பத்து நிமிடத்துக்கு, யாராவது பக்கத்தில் இருக்க, தரையில் வைத்துப் பயன்படுத்தலாம். அதில் தூங்கிவிட்டால் உடனே எடுத்துப் படுக்க வையுங்கள், தலை முன்னால் தொங்கி மூச்சு தடைபடும். அடுத்து உங்கள் வீட்டில் வாக்கர் பேச்சு வரும், அதையும் இப்போதே தடுத்துவிடுங்கள். கனடாவில் 2004இலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு உட்காரும் வரை காத்திருக்கவே வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும். கழுத்து நின்று, மடியில் பிடித்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள், படுக்க வைத்து ஊட்டாதீர்கள்.

இனி, எப்போது டாக்டரிடம் போக வேண்டும். 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்காதது. பிடித்துக்கொண்டாலும் 7, 8 மாதத்தில் உட்கார முடியாதது. 9 மாதம் முடிந்தும் தனியாக உட்காராதது. வயது எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. தூக்கினால் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, உட்கார வைக்கும்போதெல்லாம் வில்லாகப் பின்னால் வளைவது, அல்லது அதற்கு நேர்மாறாக உடம்பு தளர்ந்து கையிலிருந்து வழுவுவது, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருப்பது, முகத்தைப் பார்க்காதது, சத்தத்துக்குத் திரும்பாதது. முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் அன்றைக்கே போங்கள்.

நம் ஊரில் அடிக்கடி கவனிக்காமல் விடும் ஒன்று விட்டமின் பி12 குறைபாடு. தாய்க்கு அந்தச் சத்து குறைவாக இருந்து, குழந்தை தாய்ப்பாலை மட்டும் நம்பியிருந்தால், குழந்தைக்கும் குறையும். பால்கூட அதிகம் சேர்க்காத சுத்த சைவத் தாய்மாரின் குழந்தைகளிடம் இதைப் பார்க்கிறோம். குழந்தை வெளிறிப்போகும், சிரிப்பு குறையும், விரல் முட்டிகள் கருக்கும், சிலருக்குக் கை நடுங்கும், தெரிந்த வித்தைகளை மறக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் சரியாகும், தள்ளிப்போட்டால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விட்டமின் டி குறைவு, தைராய்டு குறைவு, பார்வைக் கோளாறு இவையும் உட்காருவதைத் தள்ளிப்போடும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ அதைக் கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்குக் காலண்டரில் 7 மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் ஏறக்குறைய 5 மாதம்தான். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்குப் போவீர்கள். அதுவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அப்போதும் உட்காரவில்லை என்றால் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல் அங்கேயே சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்தை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அதன் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் வழி சொல்வார். ‘எங்கள் வீட்டில் எல்லாரும் லேட்டாகத்தான் உட்கார்ந்தோம்’ என்று ஒன்றரை வயது வரை காத்திருந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு அந்த மாதங்கள்தான் பொன்னான மாதங்கள்.

கடைசியாக, உட்காரப் போகிறாள் என்றால் வீட்டில் சில மாற்றங்களை இப்போதே செய்யுங்கள். உட்கார்ந்த குழந்தையின் கை எட்டும் தூரம் ஒரே வாரத்தில் இரண்டு மடங்காகும். சூடான டீ டம்ளரையும் சாம்பார் பாத்திரத்தையும் தரையில் வைத்துப் பரிமாறும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அரிவாள்மனை பரணுக்குப் போகட்டும். குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளி இருக்கக் கூடாது. டப்பில் உட்கார வைத்துக் குளிப்பாட்டும்போது துண்டு எடுக்கக்கூட எழுந்து போகாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்டால், அழுது ஓய்ந்து வழக்கம்போல விளையாடினால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் மெத்தென்று வீங்கினாலோ மருத்துவமனைக்கு ஓடுங்கள். தூளியையும் மறக்க வேண்டாம். எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தை தூக்கம் கலைந்ததும் தூளிக்குள்ளேயே எழுந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள், அப்படியே கவிழ்ந்தும் விடுவாள். ஒருக்களித்து எழ ஆரம்பித்த வாரமே தூளியை அவிழ்த்துவிட்டுத் தரையில் படுக்கை போடுங்கள்.